ரத்தக் கட்டு மறுபடி வருமா? பெங்களூரில் கேட்டு வந்தது

இடது காலில் ரத்தக் கட்டு வந்து, ரத்தம் உறையாமல் தடுக்கும் அபிக்ஸபான் மாத்திரையின் ஆறு மாத கோர்ஸ் முடியும் நேரத்தில் ஊருக்குப் போனேன். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்று கேட்க, மெல்பனில் ரத்தவியல் நிபுணரின் அப்பாயின்ட்மென்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பெங்களூரில் மறுநாளே கிடைத்தது. அம்மா இருப்பது அல்சூரில், ஆஸ்பத்திரி ஜெயநகர் பக்கம். மெட்ரோவில் ஏறி மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் போதும். ரிச்மண்ட் ரோடு நெரிசலில் காரில் உட்கார்ந்து காலை வீங்கவிட வேண்டாம்.

லேப் சேவை பிரமாதம். காலையில் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்த தம்பி தர்மபுரிக்காரர். ஊசி குத்தியதே தெரியவில்லை. ஆனால் போனில் பேசியவர் ‘த்ராம்போஃபிலியா பேக்கேஜ்’ (ரத்தம் எளிதில் கட்டும் தன்மை இருக்கிறதா என்று பார்க்கும் சோதனைகள்) ஒன்றைத் தலையில் கட்டப் பார்த்தார். டாக்டர் எழுதாமல் அதை வாங்காதீர்கள். அபிக்ஸபான் போன்ற மாத்திரை உடம்பில் இருக்கும்போது அதிலுள்ள லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் சோதனை (ரத்தம் கட்டத் தூண்டும் ஓர் எதிர்ப்பொருளைத் தேடுவது) இல்லாததை இருப்பதாகக் காட்டிவிடலாம். வார்ஃபரின் என்ற பழைய உறைதடுப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, ரத்தம் கட்டாமல் காக்கும் புரோட்டீன் சி, எஸ் அளவுகள் குறைவாகத் தெரியும்.

டாக்டரம்மா சேலத்துக்காரர். நான் நீட்டிய ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு, “ரிப்போர்ட்டை அப்புறம் பாக்கலாம் சார். கட்டு வர்றதுக்கு முன்னாடி மூணு மாசம் என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க” என்றார். ஆபரேஷன், எலும்பு முறிவு, படுத்த படுக்கை, நீண்ட விமானப் பயணம், காரணமில்லாமல் எடை குறைந்தது, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி வந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்கு எதுவும் இல்லை. நல்ல செய்தி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஆபரேஷனால் வந்த கட்டு என்றால், மருந்தை நிறுத்திய முதல் வருஷத்தில் 100 பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் திரும்ப வருமாம். காரணமே இல்லாமல் வந்தது என்றால் முதல் வருஷத்தில் சுமார் 10 பேர், 5 வருஷத்துக்குள் 25 பேர், 10 வருஷத்துக்குள் 36 பேர். ஆண்களுக்கு இது இன்னும் கூடுதல். ‘ஹெர்டூ 2’ என்ற கணக்கு ஒன்று இருக்கிறது. கால் வீக்கம் அல்லது நிறமாற்றம், டி-டைமர் (ரத்தக் கட்டு கரையும்போது ரத்தத்தில் சேரும் பொருள்) கூடுதலாக இருப்பது, உடல் பருமன், 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயது ஆகியவற்றில் ஒன்றுக்கு மேல் இல்லாத பெண்கள் மருந்தை நிறுத்தலாம் என்று சொல்லும். ஆண்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. டி-டைமர் நார்மலாக இருந்தாலும் நிறுத்தும் அளவுக்கு அதை நம்ப முடியாது என்றார்.

டி-டைமர் என்றதும் இன்னொன்று. மெல்பன் ரிப்போர்ட்டில் எல்லை 0.5 என்று இருந்தது, இங்கே 500. மாமா பதறிப்போனார். ஒன்று லிட்டருக்கு மில்லிகிராம், மற்றது மில்லிலிட்டருக்கு நானோகிராம், அவ்வளவுதான். ஆனால் சில லேப்களில் எல்லை 250 என்று இருக்கும், அது டி.டி.யு. என்ற வேறு அலகு. 500 என்பது எஃப்.இ.யு. அலகு, அதில் எண் ஏறக்குறைய இரண்டு மடங்கு வரும். எந்த அலகு என்று பார்க்காமல் பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிட்டால் தூக்கம்தான் கெடும்.

பிறகு ரத்தக்கசிவு ஆபத்தைப் பார்த்தார்: ஹீமோகுளோபின், பிளேட்லெட், கிரியாட்டினின். டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை போடுவீர்களா, நாட்டு மருந்து ஏதாவது உண்டா என்று குடைந்தார். அம்மா கொடுத்த மூட்டுவலி சூரணத்தைச் சொன்னதும் உடனே நிறுத்தச் சொன்னார். (அம்மாவுக்கு இன்னும் கோபம்.) முடிவு, அபிக்ஸபானை நிறுத்தாமல் 2.5 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, வருஷம் ஒருமுறை மறுபரிசீலனை. கூடவே காலின் ரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஒரு டாப்ளர் ஸ்கேன். நாளை கால் வலித்தால் பழைய தழும்பா புதிய கட்டா என்று பிரித்துப் பார்க்க அந்தப் படம் வேண்டுமாம்.

அபிக்ஸபான் காப்புரிமை இந்தியாவில் 2022-இல் முடிந்துவிட்டதால் பல கம்பெனிகள் அதைத் தயாரிக்கின்றன. பிராண்டைவிட அட்டையில் 2.5 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆஸ்திரேலியாவுக்குச் சொந்த உபயோகத்துக்கு மூன்று மாத மருந்து வரை கொண்டுவரலாம். மருந்துச் சீட்டை ஆங்கிலத்தில் வாங்கிக் கைப்பையில் வையுங்கள்.