லிஸ்போவா கார்டு: எந்த நாளுக்கு வாங்கலாம், எந்த நாளுக்கு வேண்டாம்

லிஸ்பனுக்கு இரண்டு மூன்று நாள் பயணமாகப் போகிறவர்கள், விமானச் சீட்டும் விடுதியும் உறுதியானவுடன் விசாரிக்கத் தொடங்குவது 'லிஸ்போவா கார்டு' என்ற நகரச் சுற்றுலா அட்டையைப் பற்றித்தான். 24, 48, 72 மணி நேரம் என மூன்று வகைகளில் கிடைக்கும் இந்த அட்டைக்கு 2025-இல் பெரியவர்களுக்கான விலை முறையே 31, 51, 62 யூரோ. மெட்ரோ, பேருந்து, டிராம், சிந்த்ராவுக்கும் கஷ்காய்ஷுக்கும் செல்லும் புறநகர் ரயில் ஆகியவற்றில் கட்டணமில்லாப் பயணமும், பல அருங்காட்சியகங்களிலும் நினைவுச் சின்னங்களிலும் இலவச நுழைவும் இதில் அடக்கம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரைப் பார்ப்பதோடு அவ்வூரின் சாப்பாட்டையும் நிதானமாக ருசிக்க விரும்புகிறவருக்கு இது ஒரே ஒரு நாளுக்குத்தான் உண்மையில் பயன்படும் என்பதும், மீதி நாட்களுக்கும் சேர்த்து வாங்கினால் கொடுத்த பணத்தை ஈடுகட்டுவதற்காகவே ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும் என்பதும் என் கருத்து.

அந்த ஒரு நாள் பெலெம் பகுதிக்கு உரியது. நகர மையத்திலிருந்து தேஜு ஆற்றங்கரையை ஒட்டி மேற்கே செல்லும் 15இ டிராம் அங்கே கொண்டுபோய் விடுகிறது. 1501-இல் மன்னர் முதலாம் மானுவேல் கட்டத் தொடங்கிய ஜெரோனிமுஷ் மடாலயமே அங்கு முதன்மையான காட்சி. ஆப்பிரிக்காவிலிருந்தும் கீழைநாடுகளிலிருந்தும் வந்த சரக்குகளின் மீது விதித்த வரியில்தான் அதன் கட்டுமானச் செலவு பெருமளவு ஈடுகட்டப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதன் இரண்டடுக்கு உள்முற்றத்துத் தூண்களில் முறுக்கிய கயிறுகளும் கடல்சார் உருவங்களும் ஏன் செதுக்கப்பட்டிருக்கின்றன என்பது விளங்கிவிடும். வாஸ்கோ ட காமாவின் கல்லறையும் இங்குள்ள தேவாலயத்தில்தான் இருக்கிறது. இந்த மடாலயக் கட்டடத்தின் ஒரு பகுதியில் அமைந்த தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தோடு நமக்கும் ஓர் உறவு உண்டு. தமிழை ரோமன் எழுத்துகளில் தந்து 1554-இல் லிஸ்பனில் அச்சிட்ட கிறித்தவ மறைக்கல்விச் சிறுநூலின் பிரதி அதன் சேகரிப்பில் இருக்கிறது. ஆனால் அருங்காட்சியகம் 2022-இல் சீரமைப்புக்காக மூடப்பட்டதால், திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டே அதைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும். பெலெம் கோபுரமும் 2025-இல் இதே காரணத்துக்காக மூடப்பட்டது. ஆகவே அட்டையின் பட்டியலில் எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, நாம் போகும் வாரத்தில் அவற்றுள் எவை திறந்திருக்கும் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

மடாலயத்தின் நுழைவுக் கட்டணத்தையும், நடக்கும் தூரத்திலேயே உள்ள தேசிய வண்டி அருங்காட்சியகத்தின் கட்டணத்தையும் கூட்டினாலே 24 மணி நேர அட்டையின் விலையைத் தொட்டுவிடும். டிராம் செலவு அதற்கு மேல் மிச்சம். தங்க முலாம் பூசிய அரச குடும்பத்து வண்டிகளில் நாட்டமில்லாதவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அட்டை இருந்தால் வரிசை இல்லை என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். சீட்டு வாங்கும் வரிசை மிச்சமாகும், உள்ளே நுழையும் வரிசையில் மற்றவர்களோடு நின்றுதான் ஆக வேண்டும். கோடையின் முற்பகலில் அந்த வரிசை நிழலே இல்லாத வெளியில் நீண்டு கிடக்கும். மடாலயத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தேசிய அருங்காட்சியகங்கள் பெரும்பாலானவற்றுக்கும் அப்படியே. எனவே ஞாயிறு மாலை அட்டையைத் தொடங்கி வைப்பது பணத்தைத் தண்ணீரில் விடுவதற்குச் சமம்.

பெலெமில் அட்டை செல்லாத இடம்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மடாலயத்திலிருந்து சில நிமிட நடையில், நீல நிறத் துணிப்பந்தல் போட்ட 'பஷ்தேய்ஷ் தெ பெலெம்' என்ற கடை 1837 முதல் முட்டைப் பாலேட்டுப் பணியாரம் விற்றுவருகிறது. 1834-இல் போர்ச்சுகலில் துறவற மடங்கள் கலைக்கப்பட்டபின், மடாலயத்தின் செய்முறை பக்கத்திலிருந்த சர்க்கரை ஆலையோடு சேர்ந்த கடைக்கு வந்து சேர்ந்தது என்பது அதன் வரலாறு. செய்முறை இன்றும் ரகசியமாகவே காக்கப்படுகிறது. வாசலில் நிற்கும் நீண்ட வரிசையைக் கண்டு திரும்பிவிடக் கூடாது. அது பெரும்பாலும் பொட்டலம் வாங்குகிறவர்களின் வரிசை. உள்ளே நீல வெள்ளை ஓடுகள் பதித்த அறைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருப்பதால், உட்கார்ந்து சாப்பிட வருகிறவர்களுக்கு இடம் விரைவில் கிடைத்துவிடுகிறது. பணியாரம் இளஞ்சூட்டோடு வருகிறது. மேற்பரப்பில் ஆங்காங்கே கருகிய புள்ளிகள் இருக்கும், அவை இல்லாவிட்டால்தான் குறை. கடித்தால் ஓரம் நம் ஊர் பப்ஸின் மேல்தோல் போல நொறுங்கிச் சட்டையில் கொட்டுகிறது; நடுவிலுள்ள முட்டைப்பாகு அதிகம் திகட்டாமல் நாவில் வழுக்குகிறது. மேசையிலுள்ள பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவிக்கொண்டு, 'பிக்கா' எனப்படும் சிறு கோப்பைக் காபியோடு சாப்பிட்டால் ஒன்றோடு நிறுத்த மனம் வராது. ஒன்றின் விலை ஒன்றரை யூரோவை ஒட்டித்தான். முட்டை தவிர்க்கிற சைவர்களுக்கு மட்டும் இந்தக் கடையில் வேலை இல்லை.

சிந்த்ராவுக்கு ரயில் இலவசம் என்பது இந்த அட்டையைப் பற்றிய விளம்பரங்களில் தவறாமல் இடம்பெறும் வாசகம். ரோசியு நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 நிமிடப் பயணமான அந்த ரயிலுக்குத் தனியாகச் சீட்டு எடுத்தாலும் ஒரு வழிக்கு இரண்டரை யூரோவை ஒட்டித்தான் ஆகும். அங்கே உண்மையான செலவு பேனா அரண்மனையின் நுழைவுக் கட்டணம். அதற்கு அட்டை சிறு தள்ளுபடி மட்டுமே தருகிறது. நிலையத்திலிருந்து மலையேறும் 434-ஆம் எண் சுற்றுலாப் பேருந்துக்கும் அட்டை செல்லாது. ஆகவே சிந்த்ராவைக் காரணம் காட்டி 48 மணி நேர அட்டைக்குத் தாவுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சாப்பாட்டுக்கென்று ஒதுக்கும் நாளில் அட்டை வேண்டவே வேண்டாம். பைஷா, ஷியாதோ, அல்ஃபாமா ஆகிய பகுதிகளில் நடந்தபடியே சுற்றிவிடலாம். ஏற்றம் கடினமாக இருந்தால், அரை யூரோ கொடுத்து 'நவெகாந்தெ' என்ற பொதுப் போக்குவரத்து அட்டை ஒன்றை வாங்கி அதில் பணம் ஏற்றிக்கொள்வது போதும். 28இ டிராம் குறுகிய சந்துகளில் சுவரை உரசுவதுபோல் வளைந்து ஏறுவது ரசிக்கத்தக்கதே என்றாலும், பகல் நேரத்தில் நிற்க இடமில்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். பிக்பாக்கெட்காரர்களின் தொல்லையும் உண்டு. காலையில் கடை திறக்கும் முன் ஏறுவதே உத்தமம். 2025 செப்டம்பரில் 16 உயிர்களைப் பலிகொண்ட குளோரியா இழுவை ரயில் விபத்துக்குப் பிறகு, மலைச்சரிவுகளில் ஏறும் அந்த வகை ஊர்திகளின் சேவை நிறுத்தப்பட்டது. 1902-இல் திறக்கப்பட்ட சாந்த ஜுஷ்தா மின்தூக்கி இயங்குகிறதா என்பதையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

மதிய உணவுக்குச் சுற்றுலாத் தெருக்களை விட்டு ஒரு சந்து தள்ளிப்போய், காகிதத்தில் கையால் எழுதி ஒட்டிய 'பிராத்து தோ தியா', அதாவது அன்றைய சாப்பாடு, இருக்கும் சிறு உணவகத்தில் உட்கார்ந்தால் பணமும் மிச்சம், ருசியும் உறுதி. உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஊறவைத்து உதிர்த்து, மெல்லிய உருளைக்கிழங்குக் குச்சிகளோடும் முட்டையோடும் பிரட்டித் தரும் 'பக்கல்யாவ் ஆ பிராஷ்' கருவாட்டுப் பிரியர்களுக்கு நிச்சயம் பிடிக்கும். கீரையும் உருளைக்கிழங்கும் சேர்ந்த 'கால்து வெர்தெ' சூப்பில் பன்றிக்கறித் துண்டு ஒன்று மிதப்பது வழக்கம் என்பதால், வேண்டாதவர்கள் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். உட்கார்ந்தவுடன் கேட்காமலே ரொட்டி, ஆலிவ் காய், பாலாடைக்கட்டி ஆகியவற்றைக் கொண்டுவந்து வைப்பார்கள். 'கொவேர்த்' என்று பெயர் பெற்ற இது இலவசம் அன்று. தொட்டால் பில்லில் ஏறும், வேண்டாம் என்று சொன்னால் முகம் சுளிக்காமல் எடுத்துப்போய்விடுவார்கள். பழைய ரிபெய்ரா சந்தைக்குள் 2014 முதல் இயங்கும் டைம் அவுட் மார்க்கெட்டில் பெயர்பெற்ற சமையற்காரர்களின் கடைகள் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. ஆளுக்கொரு விருப்பம் உள்ள குழுவுக்கு அது வசதிதான். இரைச்சலும் இடம்பிடிக்கும் போட்டியும் எனக்கு ஒத்துவரவில்லை.

குடும்பமாகப் போகிறவர்கள் எல்லோருக்கும் அட்டை வாங்கிவிடக் கூடாது. தேசிய அருங்காட்சியகங்களில் 12 வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை, 65 வயதைக் கடந்தவர்களுக்குப் பாதிக் கட்டணம்தான். தாத்தா பாட்டியோடு போகும் குடும்பத்தில் இளையவர்கள் இருவருக்கு மட்டும் 24 மணி நேர அட்டை எடுத்தால் போதும். இணையத்தில் பணம் கட்டினால் கிடைக்கும் ரசீதைக் காட்டி, விமான நிலையத்தின் வருகைக் கூடத்திலுள்ள சுற்றுலா முகப்பிலேயே அட்டையைப் பெற்றுக்கொள்ளலாம். முதல் முறை பயன்படுத்தும் நொடியிலிருந்தே அதன் கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது. எனவே விமான நிலையத்திலிருந்து விடுதிக்குப் போகும் மெட்ரோவுக்குத் தனிச் சீட்டு எடுத்துக்கொண்டு, அட்டையைப் பெலெம் போகும் நாள் வரை பையிலேயே வைத்திருப்பது நல்லது.