கலிபோர்னியா சமுதாயக் கல்லூரி: சாதாரண ஏஏ பட்டமா, ஏஏ-டி பட்டமா?

உளவியல், சமூகவியல், வரலாறு எதுவானாலும் ஏஏ (அசோசியேட் ஆஃப் ஆர்ட்ஸ் என்ற இரண்டாண்டுப் பட்டம்), ஏஏ-டி (பல்கலைக்கழகத்துக்கு மாறிப் படிப்பதற்கென்றே வகுத்த ஏஏ) இரண்டுக்கும் குறைந்தது 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகு) வேண்டும், மதிப்பெண் சராசரி 4.0-க்கு 2.0 போதும். வித்தியாசம் அதற்கப்புறம்தான்.

2010-இல் வந்த சட்டப்படி ஏஏ-டி முடித்தவருக்குக் கால் ஸ்டேட் எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பில் இடம் உறுதி. அந்தப் பட்டத்தை ஏற்கும் வளாகத்தில் இன்னும் 60 யூனிட்டில் இளங்கலை முடிந்துவிடும். நினைத்த வளாகமே கிடைக்கும் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். தேர்ந்தெடுத்த முதன்மைத் துறையின் பாடங்களில் சி கிரேடுக்குக் கீழே இறங்கவும் கூடாது. உளவியலில் புள்ளியியலைத் தள்ளிப்போட்டால் ஆய்வுமுறைப் பாடமும் பெரும்பாலும் தள்ளிப்போகும். புள்ளியியலை முதல் ஆண்டிலேயே முடியுங்கள்.

சாதாரண ஏஏ-வுக்காகப் படித்த சில பாடங்கள் பல்கலைக்கழகத்துக்கு மாறும்போது கணக்கில் வராமல் போகலாம். மேலே படிக்கும் எண்ணமிருந்தால் ஏஏ-டிதான் நல்லது. யூசி-க்கு (கலிபோர்னியா பல்கலைக்கழகம் என்ற வேறொரு அமைப்பு) போக விரும்புகிறவருக்கு ஏஏ-டியும் உத்தரவாதமல்ல. எந்தக் கல்லூரிப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று காட்டும் அசிஸ்ட் இணையதளத்தில் துறைவாரியாகப் பார்த்தே பாடங்களை எடுக்க வேண்டும்.