கதை எழுதும் பழக்கம்: பதினைந்து வருடம் உழைத்த பிறகு

மிக்ஸி, மோட்டார் பம்புக்கெல்லாம் அஞ்சு வருடம் கழித்து எப்படி உழைக்கிறது என்று எழுதுகிறார்கள். கதை எழுதுகிற பழக்கத்துக்கு அப்படி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. நான் எழுதுகிறேன். செங்கோட்டையில் ஒரு லாரி ஆபீஸில் கணக்குப் பார்க்கிறவன். ராத்திரி லோடு வரும்வரை சும்மா இருக்க வேண்டிய வேலை என்பதால் இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டது.

ஆரம்பித்தது 2010 செப்டம்பரில். புனலூர்–செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதையை அகலப்பாதையாக மாற்ற மூடினார்கள். 1904இலிருந்து ஓடிய ரயில். கடைசி வண்டியைப் பார்த்துவிட்டு வந்து பில் புக்கின் பின்பக்கத்தில் நாலு பக்கம் எழுதினேன். அதில் பிளாட்பாரத்தில் நின்று ஒரு ஆச்சி அழுகிறாள். நிஜத்தில் அப்படி யாரும் அழவில்லை. இல்லாத ஆளை அழவைக்க முடிகிறதே என்று தெரிந்ததும் விழுந்துவிட்டேன். ரயில் 2018இல் அகலப்பாதையில் திரும்பி வந்தது. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

செலவு கிட்டத்தட்ட இல்லை. தட்டச்சுக்குத் தமிழ்99 விசைப்பலகை பழகினேன். உயிர் இடது கைக்கு, மெய் பெரும்பாலும் வலது கைக்கு. 'ம'வை அடுத்தடுத்துத் தட்டினால் முதல் 'ம' தானே புள்ளி வைத்துக்கொள்ளும். இரண்டு வாரம் விரல் திணறியது, அப்புறம் சரி. வாயால் சொல்லி எழுதவைக்கும் வசதியை மட்டும் கைவிட்டேன். 'வாரேன் மதினி' என்று சொன்னால் அது 'வருகிறேன்' என்று திருத்தி எழுதிக் கொடுத்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டு எங்கள் தெருவில் எவனும் வீட்டைவிட்டுக் கிளம்பியதில்லை.

பெரிய தொல்லையே இந்தப் பேச்சுதான். 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. புளியரையைத் தாண்டி மலை ஏறினால் கேரளம். ஆபீஸுக்குப் பாதி போன் மலையாளத்தில் வரும். ஒரு கதையில் கொல்லத்து வியாபாரி, "லோடு எப்போ எத்தும்?" என்று கேட்கிறார். எப்போது வந்து சேரும் என்று அர்த்தம். படித்த சென்னை நண்பர், "லோடு யாரை எத்துது, யாரை ஏமாத்துது?" என்று கேட்டார். தமிழாக்கிப் போட்டால் அந்த ஆள் கொல்லத்துக்காரராக இல்லை. அடைப்புக்குறியில் அர்த்தம் போட்டால் பாடப்புத்தகம். இப்போதெல்லாம் மலையாளி ஒரு வார்த்தை பேசியதும் பதில் சொல்கிறவன் வாயில் அர்த்தத்தை ஒளித்துவைக்கிறேன். பத்தில் ஆறு முறை நடக்கிறது.

அடுத்த தொல்லை, உலகம் நம்மைக் கேட்காமல் மாறிவிடுவது. ஆரியங்காவு வணிகவரிச் சோதனைச் சாவடியில் ஒரு ராத்திரி முழுக்க லாரி நிற்பதாக ஒரு கதை. மொத்த முடிச்சும் அங்கே வாங்க வேண்டிய முத்திரையில். 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சாவடி போனது, என் முடிச்சும் கூடவே போனது. கதையை 2016 டிசம்பருக்குத் தள்ளினேன். அப்போது நவம்பர் 8இல் செல்லாமல் போன ஐநூறு ரூபாய் நோட்டு டிரைவர் கையில் இருந்தது. கடைசியில் 2015க்குப் போய்த்தான் மூச்சுவிட்டேன்.

கணக்கு: ஆரம்பித்தவை நாற்பதுக்கு மேல், முடித்தவை ஒன்பது, அச்சில் வந்தவை இரண்டு. ஒரு பத்திரிகையில் கடைசிப் பத்தியே இல்லாமல் வந்தது, இடம் போதவில்லையாம். வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் கூடுதல் வலி.

அப்படியானால் ஏன் இன்னும்? ஒரு வைக்கோல் லாரிக் கதையைச் சொல்கிறேன். கோட்டைவாசல் எஸ் வளைவில் டிரைவர் தனியாகக் கண்ணாடியைப் பார்த்தபடி ஏறுவதாக எழுதியிருந்தேன். லோடுக்குக் காத்திருந்த கடையநல்லூர் அண்ணாச்சி ஒருவரிடம் படித்துக் காட்டினேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"தம்பி, வைக்கோல் ரெண்டு பக்கமும் பிதுங்கி நிக்கும். கண்ணாடியில வைக்கோல்தான் தெரியும். கிளீனர் இறங்கி நின்னு கத்தணும். ஆள் இல்லாம எவன் ஏறுவான்?"

சரி என்று ஒரு கிளீனர் பையனைச் சேர்த்தேன். கத்துவதற்காக மட்டும் வந்தவன். இறங்கி நின்ற இடத்தில் கத்தாமல், பாலருவிப் பக்கம் இருக்கும் அம்மா வீட்டுக்கு நடந்து போகலாமா என்று யோசிக்க ஆரம்பித்தான். நான் அப்படித் திட்டமே போடவில்லை. அன்று மணி ரெண்டானதும் தெரியவில்லை, லோடு வந்து ஹாரன் அடித்ததும் கேட்கவில்லை. முதலாளியிடம் வாங்கிய திட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தப் பழக்கத்தில் எனக்குக் கிடைத்த நல்ல சாமான் அந்த ரெண்டு மணி நேரம்தான். வருடத்துக்கு மூணு தடவை வாய்த்தால் அதிகம்.

அண்ணாச்சி மாதம் ஒருமுறையாவது வருவார். பில்டியில், அதாவது லோடு ரசீதில், கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அந்தப் பய வீடு போய்ச் சேந்தானா?" என்பார்.

"இன்னும் எஸ் வளைவுலதான் நிக்கான் அண்ணாச்சி."

"மழை வருதுடே, சீக்கிரம் அனுப்பு" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறுவார்.