மெல்போர்ன் ஷ்ரைன் ஆஃப் ரிமெம்பரன்ஸ்: வாசல்ல போட்டோ எடுத்துட்டு திரும்பிடாதீங்க

மெல்போர்ன் சுத்திப் பாக்க வர்றவங்க கிரேட் ஓஷன் ரோடு, பெங்குயின், பொட்டானிக் கார்டன்னு லிஸ்ட் போட்டுட்டு வர்றாங்க, அந்த கார்டனுக்குப் பக்கத்துலயே மேட்டு மேல சாம்பல் கலர்ல ஒரு பெரிய கட்டடம் நிக்குது, அத ட்ராம்லேந்து பாத்துட்டு ஏதோ மியூசியம் போலன்னு விட்டுடறாங்க. டூர் பஸ்ல வந்தா இன்னும் மோசம், கால் மணி நேரம் குடுப்பாங்க, படிக்கட்டுல நின்னு நாலு போட்டோ, அவ்ளோதான், அடுத்த இடம். அது ஷ்ரைன் ஆஃப் ரிமெம்பரன்ஸ், விக்டோரியா மாநிலத்தோட போர் நினைவிடம். உள்ள போக காசு கிடையாது. என்னக் கேட்டா இந்த ஊர்ல ரெண்டு மணி நேரம் ஒதுக்கிப் பாக்க வேண்டிய மொத இடம் இதான், 5க்கு 5 குடுப்பேன்.

கட்டடத்தப் பத்தி பேசறதுக்கு முன்னாடி இது எதுக்கு வந்துச்சுன்னு சொல்லிடறேன். முதல் உலகப்போர்ல விக்டோரியாவுலேந்து 1,14,000 பேர் பட்டாளத்துல சேந்தாங்க, அதுல சுமார் 89,000 பேர் கடல் தாண்டிப் போனாங்க, 19,000 பேர் செத்துட்டாங்க. செத்தவங்க உடம்ப ஊருக்குக் கொண்டு வர்ற வழக்கம் அப்ப இல்ல, துருக்கில இருக்கற கல்லிப்போலிலயோ ஃப்ரான்ஸ்லயோ பெல்ஜியத்துலயோ விழுந்த இடத்துலயே புதைச்சாங்க, நிறைய பேருக்கு அதுவும் இல்ல. அந்தக் காலத்துல ஒரு அம்மா இங்கேந்து கப்பல் ஏறிப் போய் புள்ளையோட சமாதியப் பாக்கறதெல்லாம் நடக்கற காரியமா? வீட்ல ஒரு போட்டோவும் தந்தியும் இருக்கும், உக்காந்து அழ ஒரு இடம் இருக்காது. அந்த இடமாத்தான் இத கட்டினாங்க. இத மனசுல வெச்சுக்கிட்டு போங்க, உள்ள இருக்கற ஒவ்வொண்ணும் ஏன் அப்படி இருக்குன்னு தானா புரியும்.

டிசைனுக்கு 1922ல போட்டி அறிவிச்சாங்க, ஜெயிச்சது பிலிப் ஹட்சன், ஜேம்ஸ் வார்ட்ராப்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட், ரெண்டு பேருமே அந்தப் போருக்குப் போய்ட்டு வந்தவங்க. துருக்கில இருந்த ஹாலிகார்னாசஸ் சமாதியோட வடிவம், ஏதென்ஸ் பார்த்தினான் கோயிலோட தூண் வரிசை, இந்த ரெண்டையும் எடுத்து சேத்திருக்காங்க. கீழ கனமான சதுர உடம்பு, வடக்குலயும் தெற்குலயும் எட்டு எட்டு தூண் வெச்ச முகப்பு, மேல படிப்படியா குறுகிப் போற பிரமிட் கூரை. கல்லு டைனாங்குங்கற ஊர்லேந்து வந்த கிரானைட், மேகம் போட்டா மந்தமா இருக்கும், வெயில் பட்டா லேசா வெள்ளி மாதிரி மின்னும். வடக்கு முகப்பு மேல போருக்குக் கூப்பிடற சிற்பம், தெற்குல வீடு திரும்பற சிற்பம், பால் மோன்ட்ஃபோர்ட் செஞ்சது. போட்டோ எடுக்கறவங்க வடக்கோட நின்னுடறாங்க, தெற்குப் பக்கம் சுத்திப் போய் பாக்கறவங்க ரொம்ப கம்மி, தயவுசெஞ்சு போய்ப் பாருங்க, 19,000 பேருக்கு அந்தப் பக்கம் வாய்க்கவே இல்ல.

இது சுலபமா கட்டின கட்டடமும் இல்ல. அப்ப ஹெரால்டு பேப்பர நடத்தினவர் கீத் முர்டாக், இப்ப இருக்கற ரூபர்ட் முர்டாக்கோட அப்பா, அந்தப் பேப்பர் இந்த டிசைன விடாம எதிர்த்துச்சு. இருட்டா இருக்கு, கனமா இருக்கு, அந்தக் காசுல ஆஸ்பத்திரி கட்டலாம், இல்ல ஊருக்கு நடுவுல ஒரு சதுக்கமும் சின்னதா ஒரு தூணும் போதும்னெல்லாம் பேச்சு. வருஷக்கணக்கா இழுத்துச்சு. அப்பறம் 1927ல ஜெனரல் ஜான் மோனாஷ் வெளிப்படையா ஷ்ரைன் பக்கம் நின்னு பேசினாரு, காத்து திரும்பிடுச்சு. மோனாஷ் யுனிவர்சிட்டின்னு நம்ம பசங்க படிக்கப் போறாங்களே, அந்த மோனாஷ்தான், படைத்தளபதி மட்டும் இல்ல, அடிப்படையில இன்ஜினியர், கட்டற வேலைய கூடவே இருந்து கவனிச்சவரு. அந்த வருஷமே நவம்பர் 11ல அடிக்கல் போட்டாங்க. கட்டி முடிச்சத அவர் பாக்கல, 1931லயே போய்ச் சேந்துட்டாரு, எனக்கு அத நினைச்சா இப்பவும் கஷ்டமாத்தான் இருக்கு. 1934 நவம்பர் 11 திறப்பு விழாவுக்கு 3 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க, அப்ப மெல்போர்ன் ஜனத்தொகையே ஏறக்குறைய 10 லட்சம்தான்.

இப்ப உள்ள வாங்க. நடு மண்டபம் நம்ம கோயில் கர்ப்பகிரகம் மாதிரிதான், வெளிய அவ்ளோ வெட்டவெளி, உள்ள வந்தா சட்டுனு அடங்கிடுது. பூக்கன் ஊரு கருப்பு பளிங்குல 16 உசரமான தூண், அதுக்கு மேல சுத்தி 12 புடைப்புச் சிற்பம், லிண்டன் டாட்ஸ்வெல் செஞ்சது. நடுவுல தரையில ஒரு பளிங்குக் கல்லு, இதவிட மேலான அன்பு யார்கிட்டயும் இல்லங்கற பைபிள் வரி அதுல வெட்டியிருக்கு. அந்தக் கல்ல மேடை போட்டு உசத்தி வெக்கல, தரை மட்டத்துக்கும் கீழ பதிச்சிருக்காங்க, படிக்கணும்னா தலைய குனிஞ்சுதான் ஆகணும், அது தெரிஞ்சே செஞ்சது. அங்க சாமியும் இல்ல, ராஜாவும் இல்ல, ஒரு படைத்தலைவன் பேரு கூட இல்ல, எவ்ளோ பெரிய ஆள் வந்தாலும் அந்த இடத்துல குனியறாங்க. ஒரு வயசான அம்மா, கையில ஸ்டிக், கல்லு ஓரத்துல நின்னு உதடு மட்டும் அசைய அந்த வரிய படிச்சுட்டு, படிச்சு முடிச்சும் தலைய நிமித்தாம அப்படியே நின்னாங்க, பின்னாடி வந்தவங்க யாரும் அவங்களத் தாண்டிப் போகல.

கூரையில ஒரு சின்ன துவாரம் விட்டிருக்காங்க. வருஷத்துல ஒரு நாள், நவம்பர் 11 காலைல 11 மணிக்கு, அதாவது 1918ல போர் நின்ன அந்த நேரத்துக்கு, சூரிய வெளிச்சம் அது வழியா இறங்கி அந்தக் கல்லுல அன்புங்கற வார்த்தை மேல வந்து விழற மாதிரி கணக்குப் போட்டு கட்டியிருக்காங்க. 1971ல இங்க கோடைக்கு கடிகாரத்த ஒரு மணி நேரம் தள்ளி வெக்க ஆரம்பிச்சதும் கணக்கு தப்பிடுச்சு, அதனால கண்ணாடி வெச்சு வெளிச்சத்த திருப்பி அதே 11 மணிக்கு விழ வெக்கறாங்க. மத்த நாள்ல அரை மணிக்கு ஒருதடவை லைட் வெச்சு அதையே செஞ்சு காட்டுவாங்க, செயற்கை வெளிச்சம்தானேன்னு கிளம்பிடாதீங்க, மண்டபம் மொத்தமும் பேச்ச நிறுத்திட்டு அந்த வெளிச்சம் நகர்றதையே பாக்கும். மண்டபத்த சுத்தி வர்ற நடைபாதையில 42 வெண்கலப் பேழை இருக்கு, உள்ள கையால எழுதின புத்தகங்கள், 89,100 பேரு. செத்தவங்க பேரு மட்டும் இல்ல, உசுரோட திரும்பினவங்க பேரும் சேத்துதான், ஏன்னா ஆஸ்திரேலியாவுல கட்டாய ராணுவத்துக்கு ரெண்டு தடவை ஓட்டெடுப்பு வெச்சும் ஜனங்க வேணாம்னுட்டாங்க, கடல் கடந்து போனவங்க எல்லாருமே தானா பேரு குடுத்தவங்க. பேருக்கு முன்னாடி பதவி போடாம எல்லாரையும் ஒரே வரிசையில பாக்கறப்போ, என்னால அங்கேந்து சீக்கிரம் நகர முடியல.

எனக்கு ஒத்துக்காதது ஒண்ணு இருக்கு. முதல்ல முன்னாடி ஒரு நீண்ட தண்ணிக் குளம் இருந்துச்சு, கட்டடத்தோட பிம்பம் அதுல தெரியும், பழைய படத்துலெல்லாம் பாக்கலாம். ரெண்டாம் உலகப்போருக்காக அந்த இடத்துல கல் பாவின பெரிய முற்றம் போட்டு 1954ல எலிசபெத் ராணி வந்து திறந்து வெச்சாங்க. அணையா விளக்கும், ஆறு வீரர்கள் சேந்து ஒரு உடலத் தூக்கற சிற்பம் வெச்ச தூணும் நல்லாதான் இருக்கு, ஆனா அந்த முற்றம் ரொம்ப அகலம், நிழல் சுத்தமா இல்ல, ஜனவரி வெயில்ல அத கடந்து வர்றதுக்குள்ளயே பெரியவங்க களைச்சுப் போறாங்க. குளம் அப்படியே இருந்திருக்கணும்.

அதே சமயம் 2003லயும் 2014லயும் ஏஆர்எம் ஆர்க்கிடெக்ட்ஸ் கீழ சேத்தது அருமை. மேட்டுக்கு மேல எதையும் ஏத்தாம மேட்டையே குடைஞ்சு முற்றமும் கேலரியும் அமைச்சிருக்காங்க, வெளிலேந்து பாத்தா பழைய உருவம் துளி கூட மாறல. இத்தன வருஷமா மேல இருக்கற பாரத்த தாங்கின செங்கல் தூணெல்லாம் இப்பதான் கண்ணுக்குத் தெரியுது. கேலரில டெவன்ஹாங்கற கப்பலோட படகு ஒண்ணு இருக்கு, 1915 ஏப்ரல் 25 கல்லிப்போலில வீரர்கள கரையிறக்கினது, பக்கத்துல நின்னு பாத்தா அவ்ளோ சின்னதா இருக்கு, அதுல நெருக்கியடிச்சு உக்காந்து துப்பாக்கிச் சூட்டுக்கு நேரா போயிருக்காங்க.

வெளிய வந்தா மரங்களையும் பாருங்க, ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு மரம், கீழ பலகை. கல்லிப்போலில லோன் பைன்னு ஒரு இடத்துலேந்து ஒரு சிப்பாய் பைன் காய் ஒண்ண பையில போட்டுக் கொண்டு வந்து ஊர்ல தன் அத்தைகிட்ட குடுத்தாரு, அந்த அம்மா அத பத்திரமா வெச்சிருந்து விதை போட்டு வளத்தாங்க, அதுல ஒரு கன்னு 1933ல இங்க நட்டது. 2012ல நோய் வந்து அந்த மரத்த எடுக்க வேண்டியதாப் போச்சு, ஆனா அதோட வாரிசுக் கன்னு 2006லயே இங்க நட்டுட்டாங்க.

போறதுக்கு செயின்ட் கில்டா ரோட்ல போற ட்ராம் எடுத்து 19ஆம் ஸ்டாப்ல இறங்குங்க. காலைல 10லேந்து சாயங்காலம் 5 வரைக்கும் திறந்திருக்கும். வீட்டுப் பெரியவங்களோட போனா முன் படிக்கட்டுல ஏற வேணாம், பக்கத்து முற்றம் வழியா நேரா உள்ள போய்டலாம். மேல பால்கனிக்கு முடிஞ்சவங்க ஏறுங்க, அங்கேந்து ஸ்வான்ஸ்டன் ஸ்ட்ரீட் நேர்கோடா தெரியும், இதுக்குப் பின்னால எந்த உயரக் கட்டடமும் வந்து மறைக்கக் கூடாதுன்னு நகரத் திட்டத்துலயே விதி வெச்சிருக்காங்க. கல்லிப்போலில கரையிறங்கின நாளான ஏப்ரல் 25 விடியற்காலை அஞ்சலிக்கு போறவங்க நல்ல ஸ்வெட்டரா எடுத்துக்கோங்க, அந்த மேட்டுல காத்து சும்மா அடிக்கும்.