நடுகற்களை மேப்பில் ஏற்ற ஃபோலியம்: சில வருடப் பழக்கத்தில் சொல்கிறேன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் நடுகற்களுக்குப் பஞ்சமில்லை. ஏரிக்கரை, புளியமரத்தடி, கேழ்வரகுக் கொல்லை என எங்கும் நிற்கும். பல ஊர்களில் வேடியப்பன் என்று கும்பிடுகிறார்கள். போகிற வழியில் கண்டதை எக்ஸெலில் குறித்துவைத்து, பைத்தான் நிரல்மொழியில் மேப் வரைய உதவும் ஃபோலியம் என்ற நூலகம் (லைப்ரரி) மூலம் மேப்பில் ஏற்றிவருகிறேன்.

வேலை சுலபம். மேப் என்று ஒரு வரி, கல்லுக்கு ஒரு மார்க்கர், கடைசியில் சேவ். ஹெச்டிஎம்எல் கோப்பு வந்துவிடும். பிரவுசரில் திறந்தால் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச மேப்பின் மேல் புள்ளிகள். புள்ளியைத் தட்டினால் திறக்கும் பாப்அப்பில் தமிழும் ஒழுங்காக வருகிறது.

தலைவலி எல்லாம் எண்களில்தான். ஃபோலியத்துக்கு அட்சரேகை முதலில், தீர்க்கரேகை அப்புறம். இடத் தகவலைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பிலோ நேரெதிர். கிருஷ்ணகிரி 12.52, 78.21. இதைத் திருப்பிப் போட்டால் புள்ளி நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளை ஒட்டி, வடதுருவப் பக்கம் விழும். பார்த்ததும் தெரிந்துவிடும் என்பதால் இதைக்கூட மன்னிக்கலாம். மோசமானது, பழைய குறிப்பில் 12 பாகை (டிகிரி) 31 கலை (மினிட்) என்று இருப்பதை 12.31 என்று தட்டுவது. 31ஐ 60ஆல் வகுத்து 12உடன் கூட்டினால் வருவது 12.517. வித்தியாசம் 23 கிலோமீட்டர்! கிருஷ்ணகிரிக் கல் காரிமங்கலத்துப் பக்கம் போய் நிற்கும். யாருக்கும் சந்தேகமே வராது.

ஊர்ப்பெயரைக் கொடுத்து இடம் கேட்கும் சேவைகளை நான் நம்புவதில்லை. 'அள்ளி' என்று முடியும் ஊர்கள் இங்கே ஏராளம், எல்லை தாண்டினால் கர்நாடகத்து ஹள்ளிகள் வேறு. கல்லருகே நின்று போனில் எடுத்த எண்ணே மேல். சிக்னல் இல்லாத அஞ்செட்டி மலைப்பக்கமும் ஜிபிஎஸ் எடுக்கும். புள்ளிக்குப் பின் 5 இலக்கம் போதும், அதுவே ஏறத்தாழ ஒரு மீட்டர் துல்லியம்.

மார்க்கர் கூடக்கூட மேப் திணறும். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் மார்க்கர்கிளஸ்டர் சேர்த்தால் சரியாகிவிடும். வட்டம் போடுவதானால், சர்க்கிளின் ஆரம் மீட்டரில், சர்க்கிள்மார்க்கரின் ஆரம் பிக்சலில், இரண்டும் ஒன்றல்ல. இணையம் இல்லாவிட்டால் மேப்பே வராது என்பதுதான் எனக்குப் பெரிய குறை. காட்டுப் பக்கம் போகும்போது பிரிண்ட் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியாருக்குக் கொடுக்கும் கோப்பில் மட்டும், எண்களை முன்கூட்டியே 2 இலக்கத்துக்கு ரவுண்டு செய்துவிடுவேன். அப்போது கல்லை ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்குள் தேட வேண்டியிருக்கும். பாப்அப்பில் மறைத்தால் போதாது. கோப்பை நோட்பேடில் திறந்தால் எல்லா எண்ணும் அப்படியே தெரியும். புதையல் என்று கல்லைப் பெயர்க்கிறவர்களுக்கு நாமே வழி சொல்ல வேண்டாம்.