பார்கோடா, க்யூஆரா: எதைப் பச்சை குத்தலாம்?

1974 ஜூன் 26 அன்று, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊர்க் கடையில் ஒரு சூயிங்கம் பாக்கெட்டுக்கு பார்கோடு வழியாக பில் போட்டார்கள். சரக்குக்கு ஒட்டும் அந்தக் கோடுகளைக் கழுத்திலும் மணிக்கட்டிலும் குத்திக்கொள்கிறவர்களில் பலருக்கு அது ஓர் எதிர்ப்பு: மனிதனையும் விலைச்சீட்டு ஒட்டிய பொருளாக்கிவிட்டீர்களே என்ற கோபம். வேறு சிலர் கோடுகளுக்குக் கீழே பிள்ளையின் பிறந்த தேதியை எண்ணாக வைத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதுதான் நெஞ்சைத் தொடுகிறது.

க்யூஆர் 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் பிறந்தது, வாகன உதிரிபாகங்களைக் கண்காணிக்க. போனைக் காட்டினால் பாட்டோ வீடியோவோ திறக்கும். சரி, அந்த இணையப் பக்கமே நாளை மூடப்பட்டால்? கையில் மிஞ்சுவது வெறும் கட்டங்கள். பார்கோடுக்கு அந்தக் கவலை இல்லை, எண் கோட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அப்புறம், தோல் காகிதம் அல்ல. வருடம் போகப் போக மை பரவும். க்யூஆரில் 30% வரை சேதத்தைத் தாங்கும் வகை உண்டு. ஆனால் பொடிக் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் சிக்கல்தான். பார்கோடும் மங்கும், ஆனால் ஸ்கேன் ஆகாவிட்டாலும் சொல்ல வந்ததைச் சொல்லிவிடும். அதனால் என் ஓட்டு பார்கோடுக்கே.

மணிக்கட்டில் குத்துவதென்றால் கோடுகள் வளையல் மாதிரி கையைச் சுற்றி வரட்டும், வளைவில் இடைவெளி மாறாது. கருப்பு மைதான் வேண்டும். சிவப்பு ஒளி ஸ்கேனருக்குச் சிவப்பு மை தெரியவே தெரியாது.