அப்புச்சி, அவ்வளவு வீச வேண்டாம்!

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் முப்பது வருசம் பி.டி. மாஸ்டராக விசில் ஊதியவன் நான். டிவிக்கு முன்னால் நின்றுகொண்டு வாலிபால் ஆடுவது என்றால் சிரிப்புத்தான் வரும். ஷார்ஜாவிலிருந்து லீவுக்கு வந்த மருமகன் டிவியில் நிண்டெண்டோ ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் பெட்டியை மாட்டி, ‘ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ்’ என்ற விளையாட்டுக் கார்டையும் செருகிவிட்டுப் போனார். வெளியே இடவப்பாதி மழை, வாசலில் கால் வைக்க முடியாது. சிரித்துக்கொண்டே ஆடத் தொடங்கினேன்.

டென்னிஸ், பேட்மின்டன், வாலிபால், கால்பந்து, பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்ப்பது), வாள்சண்டை ஆகிய ஆறும் 2022 ஏப்ரலில் வந்தவை. அந்த நவம்பரில் கோல்ஃபும் 2024 ஜூலையில் கூடைப்பந்தும் சேர்ந்தன; தனிக் காசில்லை, நெட்டில் இறக்கிக்கொள்ளலாம். கிரிக்கெட் கிடையாது. பேத்தி முதல் நாளே பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். இதற்கு மூத்த, 2006-இல் வந்த ‘வீ ஸ்போர்ட்ஸில்’ பேஸ்பாலாவது இருந்தது. மட்டை பிடித்த திருப்தி கிடைத்திருக்கும்.

கையில் பிடிப்பது ஜாய்கான் என்ற குச்சி, ஏறக்குறைய 50 கிராம். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தபடியே தோளிலிருந்து முழுக்கை வீசி பேட்மின்டன் ஆடினேன். பேத்தி சாய்வு நாற்காலியில் சரிந்து கிடந்தபடி மணிக்கட்டைச் சொடுக்கினாள். நான் தோற்றேன். மறுபடியும் தோற்றேன். “அப்புச்சி, அவ்வளவு வீச வேண்டாம், சும்மா இப்படிச் சொடுக்குங்க போதும்” என்கிறாள். விசயம் இதுதான்: அந்தக் குச்சிக்குள் இருக்கிற சென்சாருக்குக் குச்சி எப்படி அசைந்தது என்று மட்டும்தான் தெரியும். தோள் வேலை செய்ததா, முழங்கால் மடங்கியதா என்பதெல்லாம் அதற்கு எட்டாது. கோர்ட்டில் ஓடுகிற வேலையையும் திரையில் இருக்கிற பொம்மையே பார்த்துக்கொள்கிறது. பேட்மின்டனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளை முதல் மாதம் மட்டையைத் தொடவிடாமல் வெறும் காலடி ஓட்டம் ஓடவிட்டவன் நான். எனக்கு இது மனசுக்கு ஒப்பவே இல்லை.

ஆனால் வாலிபால் என் வாயை அடைத்தது. ஒரு பக்கத்துக்கு இரண்டே பேர். பந்தை வாங்கு, தூக்கிக் கொடு, எகிறி அடி. ஒவ்வொன்றுக்கும் சரியான கணத்தில் கை போக வேண்டும். பேத்திக்கு அவசரம், பந்து மேலே போகும்போதே கையை ஓங்கிவிடுவாள், அடி சப்பென்று போகும். “பந்து உச்சிக்குப் போய் இறங்கட்டும் கண்ணு” என்று முப்பது வருசம் மைதானத்தில் கத்தியதையே கூடத்தில் உட்கார்ந்து கத்தினேன். மூன்றாம் நாள் அவள் பொறுக்கக் கற்றுக்கொண்டாள். 2.43 மீட்டர் உயர வலை இல்லை, எகிறுவதும் இல்லை. இருந்தாலும் அந்தக் காத்திருப்பு நிஜம்.

வாள்சண்டையில் ஜெயித்தது நான்தான். எதிராளி மேலிருந்து வெட்டினால் வாளைக் குறுக்கே பிடிக்க வேண்டும், பக்கவாட்டில் வந்தால் நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். சரியாகத் தடுத்தால் அவன் தடுமாறுவான், அப்போது போட வேண்டும். சிலம்பம் பழகியவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பேத்தி கண்ணை மூடிக்கொண்டு சாத்துவாள், நான் நிதானமாக அவள் பொம்மையை மேடையிலிருந்து கீழே தண்ணீரில் தள்ளிவிடுவேன்.

கார்டாக வாங்கினால் தொடையில் கட்டும் பட்டை ஒன்றும் பெட்டியில் இருக்கும். குச்சியை அதில் செருகிக் காலால் உதைத்து கோல் போடலாம். ஒவ்வொரு கோலுக்கும் கம்பம் குறுகிக்கொண்டே வரும். இதில் கால் வேலை செய்வதை நான் பார்த்தது இங்கேதான். உற்சாகத்தில் டீப்பாயை உதைத்து ஒரு வாரம் சுண்டுவிரலுக்கு எண்ணெய் போட்டேன். முதலில் இடத்தை ஒதுக்குங்கள். குச்சியின் வாரை மணிக்கட்டில் மாட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், டிவி விலை தெரியுமல்லவா?

டென்னிஸில் ஜோடி ஆட்டம் மட்டும்தான், ஒற்றைக்கு ஒற்றை கிடையாது. கோல்ஃப் எனக்குப் பொறுமை இல்லை.

வாங்கியதற்கு ஈடு கட்டியது பௌலிங். பள்ளிக்கூட ஸ்டோர் ரூமில் இருந்த 7.26 கிலோ இரும்புக் குண்டைத் தூக்கித் தூக்கி எனக்குத் தோள் இறங்கியது. நிஜ பௌலிங்கில் மிகக் கனமான பந்தும் அதே எடைதான், 16 பவுண்டு. வீட்டம்மாவுக்கு மூட்டுவலி, கோயில் படி ஏறியே வருசமாகிறது. பேத்தி குச்சியைத் திணித்ததும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே கோலப்பொடி விடுகிற கணக்கில் கையை முன்னால் விட்டாள். திரையில் நின்ற பத்துக் கட்டையும் சாய்ந்தன. அடுத்ததும் சாய்ந்தது. “அம்மிச்சி, எங்கே கத்துக்கிட்டீங்க?” என்று பேத்தி வாயைப் பிளந்தாள். நான் இன்னும் பாதையை விட்டு ஓரக் குழியில்தான் உருட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்கே கரண்ட் போனது. ஸ்விட்சை டிவியோடு இணைக்கும் கூட்டிலிருந்து உருவி, முதுகுக் காலை விரித்து முக்காலி மேல் நிறுத்தினாள் பேத்தி. அந்தச் சின்னத் திரையில் மூன்று தலையும் முட்டிக்கொண்டு ஆட்டத்தை முடித்தோம்.

பேத்தி இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். சாயங்காலம் விளக்கு வைத்ததும், “என்னங்க, அந்தக் குச்சியை எடுங்க” என்று குரல் வருகிறது. ஏழு மணிச் செய்தி பார்த்து நாளாயிற்று.